வளைபரப்பும் உருண்டை முனையும்: டூல் பாத் உருவாகும் விதம்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ கம்பெனி வேலையோடு சற்றேனும் தொடர்புள்ளவர்களிடம் பேசினால், “டிசைனைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் போதும், மெஷின் அப்படியே மோல்டை வெட்டிக் கொடுத்துவிடும்” என்ற பேச்சு ஒருமுறையாவது காதில் விழும். டிப்ளமோ முடித்துப் பட்டறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளும் பெரும்பாலும் இந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஒரு பக்கம் படம், மறுபக்கம் மெஷின், நடுவில் ஒரு பொத்தான். இதுவே அவர்கள் மனத்தில் இருக்கும் சித்திரம்.

சமதளமான பலகையில் நான்கு துளை போடும் வேலைக்கு இந்தச் சித்திரம் ஏறக்குறையப் பொருந்தும். ஷூவின் அடிப்பாகத்தை வார்க்கும் சோல் மோல்டு போன்ற வளைந்து நெளிந்த வடிவத்துக்கு அது பொருந்தாது. அங்கே பொத்தானை அழுத்துவதற்கும் உலோகம் சீவப்படுவதற்கும் இடையில் ஒரு பெரிய கணக்கு நடக்கிறது. அந்தக் கணக்கு எப்படி நடக்க வேண்டும் என்பதை மனிதர் ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கின் விளைவாகக் கிடைக்கும் வழித்தடத்தையே டூல் பாத் என்கிறோம்: வெட்டும் கருவி எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு, எந்த வரிசையில் நகர வேண்டும் என்ற முழுமையான பாதை அது. அது எப்படி உருவாகிறது என்பதைப் புதியவர்களுக்குப் புரியும் அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்திருந்தால் போதும்.

எது கட்டற்ற வளைபரப்பு

குடத்தின் கழுத்தைச் சுற்றி அளந்தால் வட்டம் கிடைக்கும். குழாயை எங்கே வெட்டினாலும் அதே ஆரம் கிடைக்கும். ஆரம் ஒன்று, உயரம் ஒன்று என இரண்டு எண்களைச் சொன்னாலே குழாயின் வடிவம் முழுவதும் சொல்லப்பட்டுவிடும். ஷூ தைப்பதற்கு உள்ளே வைக்கும் கால் வடிவக் கட்டையை, அதாவது தொழிலில் லாஸ்ட் என்று சொல்லப்படுவதை, அப்படி இரண்டு எண்களில் சொல்ல முடியுமா? குதிகால் ஒரு விதமாக உருண்டிருக்கும். பாதத்தின் உட்பக்கம் குழிந்திருக்கும். மேல்பக்கம் கணுக்காலை நோக்கி ஏறும்போதே சற்றுத் திருகியும் இருக்கும். எந்த இரண்டு இடங்களிலும் வளைவு ஒன்றாக இருப்பதில்லை. வட்டம், உருளை, கூம்பு என்று பெயர் சொல்லி அடக்க முடியாத இத்தகைய வடிவத்தையே கட்டற்ற வளைபரப்பு என்கிறோம். கார் கதவின் வெளிப்பக்கம், டர்பைன் இறக்கை, செயற்கை மூட்டு ஆகியவையும் இந்த இனம்தான்.

இத்தகைய பரப்பைக் கணக்கில் எழுதும் வழியைக் கண்டவர்கள் பிரான்சின் கார் கம்பெனிகளில் வேலை செய்தவர்கள். சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியேவும் 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் தனித்தனியாக ஒரே கருத்தை வந்தடைந்தார்கள். பரப்புக்கு வெளியே சில புள்ளிகளை வைத்துக்கொண்டு, அவை ஒவ்வொன்றும் பரப்பைத் தன் பக்கம் இழுப்பதாகக் கொண்டால், அந்தப் புள்ளிகளை நகர்த்துவதன் மூலமே பரப்பை விரும்பியபடி வளைக்கலாம் என்பதே அக்கருத்து. இன்றைய டிசைன் மென்பொருள்களில் நாம் சுட்டியால் இழுக்கும் புள்ளிகள் அந்த வழியில் வந்தவை.

இப்படி எழுதப்பட்ட பரப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முகவரி உண்டு. ஆரணிப் பட்டுத் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்த துணியில் ஒரு புள்ளியைக் காட்ட வேண்டுமானால், இத்தனையாவது பாவு நூலும் இத்தனையாவது ஊடை நூலும் சந்திக்கும் இடம் என்று சொல்லிவிடலாம். அந்தத் துணியை லாஸ்ட்டின் மேல் போர்த்தினாலும் முகவரி மாறாது. நூல்கள் வளையும், சில இடங்களில் நெருங்கும், சில இடங்களில் விலகும், அவ்வளவுதான். கணினியில் உள்ள வளைபரப்பும் பாவும் ஊடையும் கொண்ட இத்தகைய துணியே. இரண்டு எண்களைக் கொடுத்தால், அந்த இடம் எக்ஸ், ஒய், இசட் அச்சுகளில் எங்கே இருக்கிறது என்பதையும், பரப்பு அங்கே எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதையும் அது சொல்லும். இரண்டாவது தகவல் முதலாவதைவிட முக்கியமானது. காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

கருவியின் பாதை பரப்பின் மேல் இல்லை

பரவலான தவறான புரிதல் இங்கேதான் இருக்கிறது. பரப்பின் மேல் கோடுகளை வரைந்து, அந்தக் கோடுகளின் மேல் டூலின் நுனியை ஓட்டினால் பரப்பு கிடைத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பென்சிலுக்கு அது பொருந்தும், ஏனென்றால் பென்சில் முனைக்குத் தடிமன் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். வெட்டும் டூலுக்குத் தடிமன் உண்டு.

வளைபரப்புகளை முடிக்க அதிகம் பயன்படுவது பால் நோஸ் எனப்படும் டூல். அதன் நுனி அரை உருண்டையாக இருக்கும். 10 மி.மீ. விட்டமுள்ள பால் நோஸ் என்றால் நுனி 5 மி.மீ. ஆரமுள்ள அரைக்கோளம். இந்த டூல் சமதளத்தின் மேல் நிற்கும்போது அதன் அடி நுனி பரப்பைத் தொடும். சரிவின் மேல் நிற்கும்போது நுனி தொடாது, பக்கவாட்டு தொடும். உருண்டையான கரண்டியால் வாணலியின் ஓரத்தைச் சுரண்டுபவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வாணலியின் நடுவில் கரண்டியின் அடி படும், ஓரத்தில் கரண்டியின் கன்னம் படும்.

ஆகவே இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டூல் பரப்பைத் தொடும் இடம் தொடுபுள்ளி. டூல் உருண்டையின் நடுவில் இருப்பது மையப்புள்ளி. மெஷினுக்குத் தொடுபுள்ளியைப் பற்றி எதுவும் தெரியாது. டூலை எங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதை மட்டுமே அதற்குச் சொல்ல முடியும். தொடுபுள்ளியிலிருந்து மையப்புள்ளியைக் கண்டுபிடிக்க, பரப்பு அந்த இடத்தில் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பது தெரிய வேண்டும். பரப்புக்குச் செங்குத்தாக எழும் அந்தக் கோட்டைக் கணக்குப் பாடத்தில் செங்கோடு என்று படித்திருப்போம். தொடுபுள்ளியிலிருந்து செங்கோட்டின் வழியாக ஆரத்தின் அளவு, அதாவது 5 மி.மீ., வெளியே போனால் மையப்புள்ளி கிடைக்கும். பரப்பில் உள்ள ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு இதைச் செய்து முடித்தால், பரப்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி மிதக்கும் இன்னொரு பரப்பு கிடைக்கிறது. டூலின் மையம் ஓட வேண்டியது அந்த மிதக்கும் பரப்பின் மேல்.

இதைச் செய்யாமல் நுனியையே பரப்பின் மேல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சமதளத்தில் எந்தத் தவறும் நேராது. 45 பாகைச் சரிவில், 5 மி.மீ. ஆரமுள்ள உருண்டை பரப்புக்குள் 1.46 மி.மீ. புதைந்து வெட்டிவிடும். 60 பாகைச் சரிவில் அது 2.5 மி.மீ. ஆகும். வேண்டிய உலோகமே போய்விட்ட பின் அந்த மோல்டை எதற்கும் பயன்படுத்த முடியாது.

கணினி வருவதற்கு முன்பே இந்தப் பிரச்சினைக்கு ஓர் அழகான தீர்வு இருந்தது. அமெரிக்காவில் தாமஸ் பிளாஞ்சர்ட் 1819-ஆம் ஆண்டு, துப்பாக்கியின் மரக்கட்டை போன்ற ஒழுங்கற்ற வடிவங்களை நகலெடுத்துக் கடையும் லேத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதே வகை லேத் பின்னர் ஷூ லாஸ்ட் கடையவும் பயன்பட்டது. மாதிரிக் கட்டையை ஒரு சக்கரம் தடவிக்கொண்டே போகும். அந்த அசைவை அப்படியே பின்பற்றி இன்னொரு பக்கத்தில் வெட்டும் சக்கரம் மரத்தைச் செதுக்கும். இப்படி நகலெடுக்கும் மெஷின்களில் பொதுவான ஒரு விதி உண்டு: தடவும் முனையும் வெட்டும் முனையும் ஒரே வடிவத்தில், ஒரே அளவில் இருக்க வேண்டும். தடவும் முனை மாதிரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, வெட்டும் முனையும் வேலைப்பொருளிலிருந்து அவ்வளவே தள்ளி நிற்கும். செங்கோடு, மையப்புள்ளி என்று யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. உருண்டையே தன் உடம்பால் அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறது. இன்றைய மென்பொருள் செய்வதும் அதே வேலைதான், தடவுவதற்கு மாதிரிக் கட்டை மட்டும் இல்லை.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: பரப்பு என்பது முகவரி உள்ள துணி, டூலின் மையம் ஓடுவது அந்தத் துணியின் மேல் அல்ல, அதற்கு வெளியே ஓர் ஆரம் தள்ளி, தள்ளும் திசையைச் சொல்வது செங்கோடு.

சாணம் மெழுகிய தரையில் தெரியும் வரிகள்

பாதையை எங்கே வைப்பது என்பது தெரிந்தது. எத்தனை பாதைகள் வேண்டும் என்பது அடுத்த கேள்வி.

மண் தரையைச் சாணத்தால் மெழுகிய பிறகு வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால், விரல் போன வழியெல்லாம் வரிவரியாகத் தெரியும். ஒரு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் மெல்லிய மேடு நின்றுவிடுகிறது. பால் நோஸ் டூலும் ஒவ்வொரு முறை போகும்போதும் உருண்டையான பள்ளம் ஒன்றை விட்டுச் செல்கிறது; பக்கத்தில் அடுத்த பள்ளம் விழும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு கூரான மேடு மிஞ்சுகிறது. இந்த மேட்டை முகடு என்று அழைப்போம். ஒரு பாதைக்கும் அடுத்த பாதைக்கும் உள்ள தூரத்துக்குப் பக்கநகர்வு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பட்டறையில் அதை ஸ்டெப் ஓவர் என்பார்கள்.

முகட்டின் உயரத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு எளிது. பக்கநகர்வை அதனாலேயே பெருக்கி, டூல் ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால், சமதளத்தில் நிற்கும் முகட்டின் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஆரம் 5 மி.மீ., பக்கநகர்வு 1 மி.மீ. என்றால் முகடு 0.025 மி.மீ. பக்கநகர்வை 0.5 ஆக்கினால் முகடு சுமார் 0.006 மி.மீ. ஆகிவிடும். பக்கநகர்வு பாதியானால் முகடு கால்வாசியாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதற்கு விலை உண்டு. 300 மி.மீ. நீளமும் 120 மி.மீ. அகலமும் உள்ள ஒரு சோல் மோல்டை நீளவாக்கில், ஏர் ஓட்டுவது போல முன்னும் பின்னுமாக, ஒரு சாலுக்குப் பக்கத்தில் அடுத்த சால் என்று முடிக்கிறோம் என்று கொள்வோம். 0.5 மி.மீ. பக்கநகர்வில் 240 சால் ஓட்ட வேண்டும். டூல் மொத்தம் 72 மீட்டர் நடக்கும். நிமிடத்துக்கு 1,500 மி.மீ. வேகத்தில் 48 நிமிடம் ஆகும். பக்கநகர்வை 0.25 ஆக்கினால் முகடு கண்ணுக்கே தெரியாமல் போய்விடும், ஆனால் மெஷின் 96 நிமிடம் ஓடும். மோல்டைப் பிறகு கையால் பாலிஷ் போடத்தான் போகிறோம் என்றாலோ, அதன் மேல் தோல் போன்ற சொரசொரப்பை அமிலத்தால் பொறிக்கப் போகிறோம் என்றாலோ, இந்தக் கூடுதல் 48 நிமிடம் தேவையா என்ற கேள்வி எழும். மென்பொருள் இந்தக் கேள்வியைக் கேட்காது. அது கொடுத்த எண்ணை வாங்கிக்கொள்ளும்.

பெரிய ஆரமுள்ள டூலைப் பயன்படுத்தினாலும் முகடு குறையும் என்பதை அதே கணக்கு காட்டுகிறது. ஆகவே இடம் அனுமதிக்கும் மிகப் பெரிய டூலை எடுப்பதே பட்டறை வழக்கம். “இடம் அனுமதிக்கும்” என்ற சொல்லுக்குள் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

காவேரிப்பாக்கம் ஏரி சொல்லும் பாடம்

மேலே சொன்ன முகட்டுக் கணக்கு சமதளத்துக்கு உரியது என்றேன். மேலிருந்து பார்க்கும்போது கோடுகள் சமமான இடைவெளியில் இருந்தாலும், சரிவான இடத்தில் பரப்பின் மேல் அவற்றின் இடைவெளி விரிந்துவிடும். கூரையின் மேல் மேலிருந்து பார்த்து அரை அடிக்கு ஒரு கோடு வரைந்தால், கூரையில் ஏறி அளக்கும்போது அரை அடிக்கு மேல்தான் இருக்கும். 60 பாகைச் சரிவில் இடைவெளி இரு மடங்காகிறது, எனவே முகடு நான்கு மடங்காகிறது. 0.5 மி.மீ. பக்கநகர்வில் சமதளத்தில் 0.006 ஆக இருந்த முகடு, 75 பாகையில் 0.09 மி.மீ.-ஐத் தாண்டும், 80 பாகையில் சுமார் 0.2 மி.மீ. ஆகும். தலைமயிரைவிடத் தடித்த வரிகள் என்றால் விரலில் தட்டுப்படாமல் இருக்குமா? மோல்டின் அடிப்பாகம் கண்ணாடி போல வந்து சுவர்ப்பக்கம் மட்டும் அரம் போல இருக்கிறது என்று புதியவர்கள் குழம்புவதற்குக் காரணம் இதுவே. டூலும் மெஷினும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சரிவு மட்டுமே வேறு.

இதற்கு மாற்று வழி, கோடுகளை மேலிருந்து சமமாகப் பிரிக்காமல் உயரத்தால் சமமாகப் பிரிப்பது. காவேரிப்பாக்கம் ஏரி கோடையில் வற்றுவதை நினைத்துப் பார்க்கலாம். தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஓர் அங்குலம் இறங்குகிறது என்றும், அன்றன்றைய நீர்விளிம்பில் ஒரு கோடு பதிகிறது என்றும் கொள்வோம். கல் பதித்த கரையில் அந்தக் கோடுகள் ஏறக்குறைய அங்குலத்துக்கு ஒன்றாக, நெருக்கமாக, சீராக விழும். எதிர்ப்பக்கத்தில் உள்வாய் நிலம் தட்டையாகப் போவதால், தண்ணீர் ஓர் அங்குலம் இறங்கினாலே விளிம்பு பல அடி பின்வாங்கும். அங்கே ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் மாடு மேயலாம். டூல் பாதையில் இந்த முறைக்கே நீர்விளிம்பு முறை என்ற பெயர் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் பரப்பைச் சுற்றி வந்து, பிறகு ஒரு படி இறங்கி, மீண்டும் சுற்றுவது. செங்குத்தான சுவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். தட்டையான தரைக்குச் சற்றும் பொருந்தாது.

முன்பு பார்த்த, சால் சாலாக ஓட்டும் ஏர் முறை தட்டையான இடத்துக்கு, நீர்விளிம்பு முறை செங்குத்தான இடத்துக்கு. இவ்விரண்டும் ஒன்று மற்றொன்றின் குறையை நிரப்புவதால், பெரும்பாலான வேலைகளில் ஒரு கோண எல்லையை வைத்து, அதைவிடச் சரிந்த இடங்களை நீர்விளிம்பு முறைக்கும் மற்றவற்றை ஏர் முறைக்கும் ஒதுக்குகிறார்கள். பாதிக்குப் பாதியாக 45 பாகையில் பிரிப்பது இயல்பான தொடக்கம். இரண்டு முறைகளும் சந்திக்கும் எல்லையில் மெல்லிய தழும்பு தெரியும் என்பதால், ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் சிறிது நுழையும்படி விடுவது நல்லது.

பாவு ஊடைத் துணியின் நூல்களையே பாதையாக வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அது உண்மையில் ஒரு முறைதான், கணக்கிடுவதற்கும் எளிதானது. ஆனால் பனையோலை விசிறியின் மடிப்புகள் பிடியருகே ஒன்றுகூடுவது போல, பரப்பு குறுகும் இடங்களில் நூல்கள் நெருங்கிவிடும். அங்கே டூல் வெட்டிய இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்து நேரத்தை வீணாக்கும். அகன்ற இடத்தில் முகடு உயரமாக நிற்கும். முகட்டின் உயரம் எங்கும் ஒன்றாக இருக்கும்படி, ஒரு பாதையிலிருந்து அடுத்த பாதைக்கான தூரத்தை இடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டே போகும் முறையும் இருக்கிறது. தத்துவத்தில் அதுவே சிக்கனமானது. ஒரு பாதையின் சிறு கோணல் அடுத்தடுத்த பாதைகளுக்குத் தொற்றிக்கொண்டு போகும் என்பது அதன் பலவீனம்.

சாரமாகச் சொன்னால், பாதைகளுக்கு இடையே உள்ள தூரம் முகட்டைத் தீர்மானிக்கிறது. அந்தத் தூரத்தை எங்கிருந்து பார்த்து அளக்கிறோம் என்பது, எந்தச் சரிவில் முகடு உயரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

வளைவை நேர்கோடுகளால் நடப்பது

இனி ஒரு பாதைக்குள் நுழைந்து பார்ப்போம். பாதை வளைவாக இருக்கிறது. ஆனால் வழக்கமான மெஷின் நிரலில் டூல் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நேர்கோட்டில்தான் போகிறது. வளைந்த ஏரிக்கரையை வேலிக்கம்பி கட்டி அடைப்பது போலத்தான்: கம்பங்களுக்கு இடையில் கம்பி நேராக ஓடும், கம்பங்கள் நெருங்கினால் வேலி கரையின் வளைவை ஒட்டி வரும். வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் இடையில் அதிகபட்சம் எவ்வளவு விலகல் இருக்கலாம் என்று நாம் கொடுக்கும் எண்ணே டாலரன்ஸ்.

இங்கேயும் முகட்டுக் கணக்கேதான் திரும்ப வருகிறது, டூல் ஆரத்துக்குப் பதிலாகப் பாதையின் ஆரம் மட்டும் உட்கார்ந்திருக்கும். 50 மி.மீ. ஆரமுள்ள வளைவில் 2 மி.மீ. நீளக் கோடுகளால் நடந்தால் விலகல் 0.01 மி.மீ. ஆகும். டாலரன்ஸை 0.001 என்று இறுக்கினால் கோட்டின் நீளம் சுமார் 0.63 மி.மீ. ஆகச் சுருங்கும்; கோடுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று மடங்காகும்.

இறுக்குவது எப்போதும் நல்லது என்று தோன்றலாம். மெஷினின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு கோட்டையும் படித்து, அடுத்து வரும் திருப்பங்களைப் பார்த்து, வேகத்தை முடிவு செய்ய வேண்டும். கோடுகள் 0.1 மி.மீ. நீளத்தில் இருந்து, நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகம் கேட்டால், அது நொடிக்கு 500 கோடுகளைப் படிக்க வேண்டியிருக்கும். பழைய மெஷின்களால் அது முடியாமல் போகும்போது டூல் திக்கித் திக்கி நகரும். நிரலில் எழுதிய வேகம் காகிதத்தோடு நின்றுவிடும், பரப்பிலும் தழும்பு விழும்.

டாலரன்ஸைப் பற்றி எனக்கு முதலில் பாடம் கற்பித்தது ஒரு தோல்வி. ஆரம்ப காலத்தில் ஒரு பட்டறையில், வெளியிலிருந்து வந்த ஒரு சோல் வடிவத்துக்குப் பாதை போட்டேன். டாலரன்ஸ் 0.005, பக்கநகர்வு 0.3, எல்லாமே கவனமாகக் கொடுத்திருந்தேன். மோல்டைக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தபோது, பட்டை தீட்டிய கல் போல முகம் முகமாக மின்னியது. வந்திருந்த கோப்பு உண்மையான வளைபரப்பே இல்லை. பரப்பைச் சிறு சிறு முக்கோணத் தகடுகளாக உடைத்து, அதையும் பெரிய பெரிய முக்கோணங்களாக உடைத்து, அனுப்பியிருந்தார்கள். என் பாதை அந்தத் தகடுகளை மிகத் துல்லியமாகப் பின்பற்றியிருந்தது. வரும் கோப்பின் துல்லியத்தைப் பாதையின் டாலரன்ஸால் உயர்த்த முடியாது என்பது அன்று புரிந்தது. பாலிஷ் போட வேண்டியிருந்த பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

நுழைய முடியாத மூலைகள்

பிரியாணி அண்டாவின் அடியில் ஒட்டியதை உருண்டைக் கரண்டியால் சுரண்டும்போது, அடியும் சுவரும் சேரும் இடுக்கில் சிறிது நின்றுவிடும். கரண்டியின் வளைவு அந்த இடுக்கின் வளைவைவிடப் பெரியது. டூலுக்கும் இதே கதிதான். உட்குழிந்த மூலையின் ஆரம் 3 மி.மீ. ஆக இருக்கும்போது 5 மி.மீ. ஆரமுள்ள பால் நோஸ் அங்கே முழுமையாக நுழையாது.

ஆரம் தள்ளிக் கணக்கிடும் முறையை இந்த இடத்தில் கண்மூடித்தனமாகச் செய்தால் விபரீதம் நேரும். மூலையின் ஒரு பக்கத் தொடுபுள்ளிக்கு உரிய மையம், மறுபக்கச் சுவருக்குள் டூலைப் புதைத்துவிடும். அந்தத் தொடுபுள்ளியைப் பொறுத்தவரை கணக்கு சரி. பக்கத்துச் சுவரை அது பார்க்கவில்லை. இதனால் நேரும் சேதத்தை அதிகவெட்டு என்று சொல்லலாம். நல்ல மென்பொருள் ஒவ்வொரு நிலையிலும் டூலின் முழு உடலையும் பரப்பின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டு, எங்கேயாவது இடித்தால் டூலை மேலே தூக்கிவிடும். அதனால் சேதம் தவிர்க்கப்படும், ஆனால் மூலையில் உலோகம் மிஞ்சும். மிஞ்சியதை எடுக்க, எங்கெங்கே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கணக்கிட்டு, அந்த இடங்களுக்கு மட்டும் சிறிய டூலை அனுப்புகிறார்கள்.

சிறிய டூல் நீளமாகவும் இருக்க வேண்டியிருந்தால் வளையும். ஒரே தடிமனுள்ள டூல் பிடியிலிருந்து இரு மடங்கு நீட்டிக்கொண்டிருந்தால், அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். ஆழமான மோல்டின் அடி மூலையில் அளவு தவறுவதற்குப் பாதையைக் குறை சொல்லும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

உருண்டை நுனியின் இன்னொரு குறை

பால் நோஸின் அச்சு நுனியில் சுழற்சி வேகம் பூஜ்யம். பம்பரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அதன் ஆணி முனை ஒரே இடத்தில் நிற்பது போலத்தான் இது. 10 மி.மீ. டூலால் சமதளத்தில் 0.2 மி.மீ. ஆழம் எடுக்கும்போது உலோகத்தில் படுவது 2.8 மி.மீ. விட்டமுள்ள பகுதி மட்டுமே. நிமிடத்துக்கு 8,000 சுற்று என்றால், டூலின் முழு விட்டத்தில் வெட்டும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 250 மீட்டர். உண்மையில் வெட்டும் இடத்தில் கிடைப்பதோ அதிகபட்சம் சுமார் 70 மீட்டர்தான். நட்ட நடுவில் அதுவும் இல்லை. அங்கே டூல் சீவுவதில்லை, தேய்க்கிறது. தட்டையான இடங்களைப் பால் நோஸால் முடித்தால் மங்கலாக வருவதன் காரணம் இது. டூலையோ வேலைப்பொருளையோ சாய்க்கக்கூடிய ஐந்து அச்சு மெஷினில், டூலைச் சில பாகைகள் சாய்த்து இந்த நடுப்புள்ளியை ஒதுக்கிவிடலாம். நீட்டலைக் குறைத்து ஆழமான சுவர்களையும் எட்டலாம். மூன்று அச்சு மட்டுமே உள்ள பட்டறைகளில் தட்டையான இடங்களுக்கு அடி தட்டையாக, ஓரம் மட்டும் உருண்ட டூலை மாற்றிப் போடுகிறார்கள்.

இதுவரை சொன்ன அனைத்தும் கடைசி மெருகுப் பாதையைப் பற்றியது. அதற்கு முன் முழுக் கட்டியிலிருந்து பெரும்பகுதியைப் படிப்படியாக எடுத்துவிட்டு, பரப்பின் மேல் 0.3 அல்லது 0.5 மி.மீ. அளவு சீரான தோலை மட்டும் விட்டுவைக்கும் ரஃபிங் நடந்திருக்கும். வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் குதிரை வீரர்களைச் செதுக்கியவர்களும் முதலில் குதிரையின் கண்ணைச் செதுக்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள். தோல் சீராக இல்லாவிட்டால் மெருகு டூலின் மேல் பாரம் ஏறி இறங்கும். அதற்கேற்ப டூல் வளைந்து நிமிரும். அந்த நடுக்கம் பரப்பில் பதியும்.

மெஷினிடம் போய்ச் சேரும் வரிகள்

கணக்கிடப்பட்ட பாதை இன்னும் மெஷினின் மொழியில் இல்லை. ஒவ்வொரு மெஷின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் எழுத்து முறையில் சிறு சிறு வேறுபாடுகள் உண்டு. பாதையை எடுத்து, குறிப்பிட்ட மெஷினுக்கு ஏற்ற வரிகளாக எழுதித்தரும் இடைப்பட்ட நிரலுக்குப் போஸ்ட் பிராசஸர் என்று பெயர். அது தரும் கோப்பைத் திறந்தால் “ஜி 01 எக்ஸ் 42.315 ஒய் 18.000 இசட் -6.482” போன்ற வரிகள் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். ஜி 01 என்பதற்கு, கொடுத்த வேகத்தில் நேர்கோட்டில் போ என்று பொருள்.

அந்த வரிகளை வரைபடத்தோடு ஒப்பிட்டு, அளவு பொருந்தவில்லையே என்று ஆபரேட்டர்கள் கவலைப்படுவதுண்டு. பொருந்தாது. 45 பாகைச் சரிவில் 10 மி.மீ. பால் நோஸின் நுனி, தொடுபுள்ளியிலிருந்து பக்கவாட்டில் 3.54 மி.மீ. தள்ளியும் 1.46 மி.மீ. கீழேயும் இருக்கும், வரியில் எழுதியிருப்பது நுனியின் இடம். சில பட்டறைகளில் நுனிக்குப் பதிலாக உருண்டையின் மையத்தை எழுதும் வழக்கமும் இருக்கிறது. இரண்டுமே சரியான முறைகள்தான். ஆனால் நிரல் எழுதியவரும் மெஷினில் டூல் நீளத்தைப் பதிவு செய்பவரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். நிரல் மையத்துக்கு எழுதப்பட்டு, டூல் நுனியில் அளக்கப்பட்டிருந்தால், டூல் 5 மி.மீ. உயரத்தில் காற்றைச் சீவிக்கொண்டிருக்கும், சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். நிரல் நுனிக்கு எழுதப்பட்டு, டூல் மையத்தில் அளக்கப்பட்டிருந்தால், டூல் 5 மி.மீ. ஆழமாக இறங்கும். அதனால் புதிய நிரலை ஓட்டும்போது, முதல் சுற்றில் இசட் அச்சை 10 மி.மீ. உயர்த்தி வைத்து, டூல் காற்றில் போகும் வழியையும் வேலைப்பொருளுக்கும் நுனிக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் கீழே இறக்குகிறார்கள்.